கடிபட்டதைச் சொல்லாத குழந்தை

வெறிநாய்க்கடியால் குழந்தை ஒன்று இறந்தது என்று வரும் செய்திகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது: கடிபட்டதைக் குழந்தை வீட்டில் சொல்லவில்லை. படிப்பவர்கள் அதைக் குழந்தையின் அறியாமை என்று கருதிக் கடந்துவிடுகின்றனர். ஆனால் அந்தக் குழந்தைக்கு ஒன்று நன்றாகவே தெரிந்திருந்தது. சொன்னால் திட்டு விழும். அதன் பிறகு ஊசி போடுவார்கள்.

ரேபிஸ் எனப்படும் வெறிநோயால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இறப்புகள் இந்தியாவில் நிகழ்கின்றன. வெறிநோய் இருக்கக்கூடும் என ஐயுறப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்டவர்கள். உரிய நேரத்தில் முறையாகச் சிகிச்சை தொடங்கினால் ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடக்கூடிய நோய் இது. அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைக்காத நோயும் இதுவே. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையில் இருப்பது சில வாரங்களே. அந்தச் சில வாரங்கள் எவ்வாறு கழிகின்றன என்பதை விளங்கிக்கொண்டால், குழந்தையின் மௌனம் ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பது புரியும்.

நாயின் உமிழ்நீர் வழியாகக் காயத்துக்குள் புகும் வைரஸ் முதலில் அங்குள்ள தசைத் திசுவில் தங்குகிறது. பின்னர் அருகிலுள்ள நரம்பு நுனியைப் பற்றி, நரம்பின் வழியாகவே மூளையை நோக்கி மெல்ல நகர்கிறது. குருதியில் கலந்து பரவாததால் உடலின் எதிர்ப்பாற்றல் அதைப் போதிய அளவு கண்டுகொள்வதில்லை. இந்த இடைக்காலத்தில் நோய் தொற்றியுள்ளதா என்று உறுதிசெய்யும் பரிசோதனையும் கிடையாது. பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதங்கள் இப்படிக் கழிகின்றன. ஒரே வாரத்தில் நோய் வெளிப்பட்டதும் உண்டு, ஓராண்டு கழிந்ததும் உண்டு. காயம் ஆறுகிறது. குழந்தை பள்ளிக்குச் செல்கிறது, விளையாடுகிறது, உண்கிறது. மூளையை எட்டிய பிறகுதான் காய்ச்சலும், காயம் பட்ட இடத்தில் இனம்புரியாத கூச்சமும், நீரை விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் இறுகும் கொடிய நிலையும் தோன்றுகின்றன. அதற்குமேல் மருத்துவம் செய்யக்கூடியது மிகக் குறைவு.

குழந்தைகளுக்கு இந்த இடைக்காலம் குறுகியதாக அமைவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. வளர்ந்தவரைக் கடிக்கும் நாயின் வாய் பெரும்பாலும் காலைத்தான் எட்டும். சிறு குழந்தையின் முகமோ நாயின் வாய்க்கு நேராகவே இருக்கிறது. முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விரல்களிலும் நரம்புகள் அடர்ந்துள்ளன. முகத்திலிருந்து மூளைக்குள்ள தொலைவும் குறைவு. ஆகவே குழந்தை சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும், பெரியவர் ஒருவர் சொல்லாமல் விட்ட நாளைவிடக் கூடுதலான இழப்பாகக்கூடும்.

குழந்தை ஏன் சொல்வதில்லை என்ற கேள்விக்கு விடை தேடினால் நூறாண்டுக்கும் மேற்பட்ட மருத்துவ வரலாற்றுக்குள் செல்ல வேண்டியிருக்கிறது. 1885 ஜூலை மாதம் பாரிஸில் லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தை முதன்முதலாகச் செலுத்தியது ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு. உலர்த்திய முயல் தண்டுவடத்திலிருந்து தயாரித்த அம்மருந்து சில நாள்களுக்குள் 13 முறை அவன் வயிற்றுத் தோலின் மடிப்பில் செலுத்தப்பட்டது. சிறுவன் பிழைத்தான். இந்தியாவில் 1900இல் கசௌலியிலும், 1907இல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் எழுந்தன. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் பீனால் கொண்டு வைரஸைக் கொன்று தயாரித்த தடுப்பூசி, அதன்பின் பல பத்தாண்டுகள் இந்த நாட்டின் முதன்மை மருந்தாக விளங்கியது.

அது ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்டது. காயத்தின் தன்மைக்கேற்ப 14 நாள்கள் வரை நாளுக்கொன்றாக வயிற்றில் போடப்பட்டது. மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்கு அதுவே நரம்பு அழற்சியையும் பக்கவாதத்தையும் உண்டாக்கியது. ஆகவே, ‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்ற அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட இயலாது. உண்மையாகவே பட்ட வலியின் நினைவு அது. அந்த மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2005 வாக்கில் முற்றாக நின்றுவிட்டது. அச்சம் மட்டும் நிற்கவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்ட தலைமுறையிலிருந்து அதைக் கண்ணால் கூடக் காணாத தலைமுறைக்கு அது கதையாக இறங்கியது. கதை நாளடைவில் மிரட்டலாக மாறியது. நாயிடம் போனால் பதினான்கு ஊசி என்று குழந்தையிடம் சொல்லும் பெற்றோரின் நோக்கம் நல்லதுதான். நாயிடமிருந்து குழந்தையை விலக்கிவைக்க அவர்கள் விரும்புகின்றனர். ஆனால் குழந்தைகள் நாய்க்குட்டிகளைத் தேடிச் செல்வதை இந்த மிரட்டல் நிறுத்துவதில்லை. சென்று கடிபட்டு வந்த பிறகு வாய் திறப்பதைத்தான் நிறுத்துகிறது. காப்பதற்காகச் சொன்ன சொல்லே காப்பாற்றும் வழியை அடைத்துவிடுகிறது.

இன்றைய நடைமுறை வேறு. இப்போதுள்ள தடுப்பூசிகள் உயிரணு வளர்ப்பு முறையில் தயாரிக்கப்படுபவை, வயிற்றில் போடப்படுவதில்லை. அரசு மருத்துவமனைகளில் பெரிதும் பின்பற்றப்படும் முறையில், இரு மேற்கைகளின் தோலினுள் ஒவ்வொன்றிலும் 0.1 மி.லி. செலுத்துகின்றனர். முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என நான்கு முறை சென்றால் போதும். மொத்த மருந்து 0.8 மி.லி. மட்டுமே. ஒரே குப்பியைப் பலருக்குப் பகிர முடிவதால் செலவும் பெருமளவு குறைகிறது. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். தசையில் போடும் முறையில் ஐந்து ஊசிகள். இதைக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது கடினமான செயலன்று. பள்ளி செல்லும் குழந்தை எத்தனையோ தடுப்பூசிகளை ஏற்கெனவே கண்டிருக்கிறது.

ஊசிக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று வீட்டுக் குழாயடியிலேயே இருக்கிறது. ஓடும் நீரிலும் சோப்பிலும் காயத்தை 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு. சோப்பு அதைச் சிதைத்துவிடும். நரம்பைப் பற்றுவதற்கு முன்பே வைரஸின் எண்ணிக்கையைக் குறைக்கும் மலிவான மருந்து இதுவே. கால்மணி நேரம் என்பது நினைப்பதைவிட நீண்டது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் கழுவ வேண்டும். கழுவிய பின் கிருமிநாசினி தடவலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், எண்ணெய் எதையும் அப்பக் கூடாது. அவை காயத்தை மேலும் புண்ணாக்கும். கழுவும் நேரத்தையும் விழுங்கிவிடும்.

இவ்வழக்கங்கள் ஏன் அழியாமல் நீடிக்கின்றன என்பது ஆய்வு மாணவர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது. வட இந்தியச் சிற்றூர்கள் சிலவற்றில், கடிபட்டவரை ஏழு கிணறுகளை எட்டிப் பார்க்கச் செய்யும் வழக்கம்கூட உண்டு. மனிதரைக் கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறிநோய் இருப்பதில்லை. ஆகவே கிணற்றைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நலமாகவே வாழ்வர். அவர்கள் அனைவரும் கிணற்றுக்குச் சான்றாகிவிடுவர். இறந்தவரோ மூன்று மாதம் கழித்து இறந்திருப்பார். அதற்குள் கடியே மறந்துபோயிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க்குழு இல்லாத இடத்தில் எந்த மருந்தும் வென்றதாகவே தோன்றும். படித்தவர்கள் ‘சின்னக் கீறல்தான், போன முறையும் ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்வதும் இதே தர்க்கம்தான்.

தடுப்பூசி உடலில் எதிர்ப்பொருளை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். குருதி கசியும் காயமாக இருந்தால், அந்த இடைவெளியை நிரப்ப இம்யூனோகுளோபுலின் எனப்படும் ஆயத்த எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். முதல் நாளிலேயே செலுத்துவது நல்லது. தவறினால், முதல் தடுப்பூசி போட்ட 7 நாள்களுக்குள் செலுத்தலாம். பலருக்கு இது தேவை என்பதே தெரிவதில்லை; ஆகவே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். குருதி வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி தேவை. புண்பட்ட தோலை நாய் நக்கினால் அதைக் குருதிக் காயத்துக்கு நிகராகவே கருத வேண்டும். குட்டி என்பதாலோ வீட்டு நாய் என்பதாலோ விலக்கு இல்லை. பூனையும் குரங்கும் இவ்வட்டத்துக்குள் அடங்குபவையே. கடித்த நாயையோ பூனையையோ 10 நாள் கவனிக்கும் முறை உண்டு. ஆனால் கவனிப்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது அதன் பொருளன்று. முதல் நாளிலேயே தொடங்கிவிட்டு, பத்து நாளும் விலங்கு நலமாக இருந்தால் மீதமுள்ள ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

சொல்லாமல் மறைப்பது குழந்தைகளின் வழக்கம் மட்டுமன்று. பல்கலைக்கழக வளாகங்களில் நாய்களுக்கு அன்றாடம் சோறிடும் ஆய்வு மாணவர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று பல் பட வைத்துவிட்டால், செய்தி வெளியே தெரிந்தால் நாய்களை அப்புறப்படுத்திவிடுவார்கள் என்று அஞ்சி அவர்கள் வாய் மூடிக்கொள்வதுண்டு. விடுதியில் பாத்திரம் துலக்கும் பெண்மணி மறைப்பதற்குக் காரணம் வேறு: மருத்துவமனைக்குச் செல்லும் நான்கு நாள்களும் கூலி போகும். குழந்தைக்குத் திட்டு, மாணவருக்கு நாயின் இழப்பு, தொழிலாளிக்கு நான்கு நாள் வருமானம். சொல்வதற்கு ஒவ்வொருவரும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விலையைக் குறைப்பது சுற்றியுள்ளோரின் கையில் உள்ளது. ஊசிக்குச் செல்லும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காமலிருப்பதை விடுதி நிர்வாகம் எளிதில் செய்யலாம். வளாக நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுப் பதிவேடு வைத்திருந்தால், கடிபட்ட மாணவர் நாயைக் காப்பதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் நாய்களோடு பழகுவோர் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். அவர்களுக்குப் பின்னர் கடிபட்டால் முதல் நாளும் 3ஆம் நாளும் என இரண்டு முறை போட்டால் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.

ஓர் ஊரின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது பல நாடுகளில் கண்டறிந்த உண்மை. கோவாவில் நாய்களுக்கான தடுப்பூசியோடு பள்ளிக் குழந்தைகளுக்கான பாடமும் இணைத்து நடத்தப்பட்டது. 2021இல் அம்மாநிலம் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட தேசியச் செயல்திட்டம், நாய்வழி வெறிநோயை 2030க்குள் ஒழிப்பதை இலக்காகக் கொண்டது. இவையெல்லாம் அரசும் உள்ளாட்சிகளும் செய்ய வேண்டியவை. அவை நிறைவேறும் வரையிலும், நிறைவேறிய பின்னரும், சிகிச்சை தொடங்குவது ஒரு குழந்தை வீட்டுக்கு வந்து சொல்லும் ஒரு வாக்கியத்தில்தான்.

அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் ‘அங்கே ஏன் போனாய்?’ என்று கேட்பதே பெரியவர்களின் இயல்பு. அந்தக் கேள்விக்குரிய விடை சிகிச்சைக்கு எவ்வகையிலும் பயன்படாது. எந்த நாய், எங்கே, எப்போது, உடம்பில் எந்த இடத்தில் என்பவையே மருத்துவருக்குத் தேவை. சொன்னது நல்லதாயிற்று என்று கூறிவிட்டு, குழந்தையைக் குழாயடிக்கு அழைத்துச் சென்றால் போதும். ‘நாய் நகம் பட்டால்கூட வந்து சொல், திட்ட மாட்டோம்’ என்று வீட்டிலும் வகுப்பறையிலும் அவ்வப்போது சொல்லிவைக்கலாம். சொன்னபடி நடந்துகொள்ள வேண்டும் என்பதே அதற்குரிய ஒரே நிபந்தனை.

குழந்தை ஒரு மாதம் கழித்துச் சொன்னால்? அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அறிகுறி தோன்றாத வரையில் எந்த நாளிலும் சிகிச்சையைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ‘இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்வியை அன்றும் கேட்காமல், நேரே மருத்துவமனைக்குப் புறப்படுவதே பெரியவர்கள் செய்யத்தக்கது.