பொத்துவில் வழியில் நின்ற பாட்டு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி வழியாகத் தெற்கே சென்றால் பொத்துவில். கடலும் வயலும் களப்பும் மாறி மாறித் தோன்றும் இனிய பாதை அது. 2015இல் மறைந்த நாகூர் ஹனிபாவின் பாடல்கள் எங்கள் வானில் கணீரென ஒலித்தன. அவை வாப்பாவுக்கு உயிர்.

கோமாரியைத் தாண்டியதும் பாட்டு நின்றது. சற்றுப் பொறுத்து ஒலித்தது. ஒலியைக் கூட்டியதும் மீண்டும் நின்றது.

“அம்பிளிபயர் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்” என்றான் இளையவன். விலையை எண்ணி வாப்பா மௌனமானார்.

பொத்துவிலில் முதிய மெக்கானிக் ஒருவர் மீற்றரை வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடுகையில் பற்றரியில் 13 வோல்ட்டுக்கு மேல் இருந்தது; பாட்டு உயர்ந்ததும் அம்பிளிபயரின் முனையில் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிற்று. எர்த் வயர் வானின் உடலோடு சேருமிடத்தில் ஒரே துரு! அதைச் சுரண்டி, இரும்பு பளபளக்கத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார்.

“மின்னழுத்தம் குறைந்தால் தன்னைக் காத்துக்கொள்ளவே அது நிற்கிறது, தம்பி. குற்றம் உப்புக் காற்றினுடையது” என்றார்.

அறுகம்பைப் பாலத்தைக் கடந்தபோது பாட்டோடு வாப்பாவும் பாடினார். கடலோரத்தில் வாகனம் வைத்திருப்போர், புதிது வாங்குமுன் எர்த் முனையை ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக!