சம்பந்தியம்மாவும் ஏழடிக் கோடும்

அமெரிக்காவில் இருக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வழக்கமாக நயாகராவைப் பற்றிச் சொல்வார்கள். இல்லாவிட்டால் குளிரைப் பற்றிச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது ஒரு கோட்டைப் பற்றி. வலையிலிருந்து ஏழடி தள்ளித் தரையில் போட்ட ஒரு சாதாரண வெள்ளைக் கோடு. அதை என் இடது கால் கட்டைவிரல் தாண்டப் போய், எனக்கும் என் சம்பந்தியம்மாவுக்கும் ஒரு நாள் முழுவதும் பேச்சு வார்த்தையே நின்றுபோயிற்று.

விளையாட்டின் பெயர் பிக்கிள்பால். முதலில் காதில் விழுந்தபோது "ஊறுகாய்ப் பந்தா?" என்று கேட்டுவிட்டுப் பேரனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மேஜைப் பந்து மட்டையைவிடச் சற்றுப் பெரிய மட்டை. உடம்பெல்லாம் துளையிட்ட பிளாஸ்டிக் பந்து. பாட்மிண்டன் ஆடுகளம் அளவே ஆடுகளம், இருபதடி அகலம், நாற்பத்துநாலடி நீளம். வலை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். பதினொரு புள்ளி எடுத்தால் ஜயம். ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். ஸர்வ் போடும் பக்கத்துக்குத்தான் புள்ளி. ஐம்பதைத் தாண்டியவர்கள் தாராளமாக ஆடலாம் என்பதுதான் இதில் விசேஷம். எங்கள் பெண் குடியிருக்கும் ஸியாட்டில் பக்கத்துப் பூங்காக்களில் காலை வேளையில் பாருங்கள், தலை நரைத்தவர்கள் கூட்டம்தான்!

சம்பந்தியம்மா மாப்பிள்ளையோடு அங்கேயே வசிக்கிறவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஆறு மாத விருந்தாளி. கல்லூரி நாளில் பாட்மிண்டன் ஆடியவள் என்ற ஒரே பெருமை எனக்கு. வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வெளியே தெரியாத ஒரு போட்டி இருந்தது என்பதை மறைப்பானேன்? ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது போடுவது என்பதிலிருந்து குழந்தைக்கு எத்தனை மணிக்கு எண்ணெய் தேய்ப்பது என்பதுவரை இரண்டு கட்சி. அப்படிப்பட்ட இரண்டு பேரையும் என் பெண் ஒரு நாள் கூட்டிச் சென்று, வலைக்கு எதிரும் புதிருமாக நிறுத்தாமல் ஒரே பக்கத்தில் நிறுத்திவிட்டாள். அவள் சாமர்த்தியசாலி.

நாலு மாதத்தில் நாங்கள் ஒரு ஜோடியாகிவிட்டோம். எனக்கு ஓங்கி அடிக்கத் தெரியும், பொறுமை கிடையாது. அவருக்கு அடி கிடையாது; பொறுமை மலை போல. வலைக்கு மேலே தோசைக்கல்லில் மாவை விடுகிற மாதிரி மெதுவாகப் பந்தை எடுத்து எதிரியின் காலடியில் வைப்பார். அதற்கு அந்த ஊரில் 'டிங்க்' என்று பெயர். ஸர்வ் போடுவதற்கு முன் மூன்று எண் சொல்ல வேண்டும்: நம் புள்ளி, அவர்கள் புள்ளி, ஸர்வ் போடுவது முதலாவது ஆளா இரண்டாவது ஆளா என்பது. எனக்கு அது தலைகீழாகிப் போகும். கணக்கு டீச்சருக்கு ஒரு நாளும் பிசகியதில்லை.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் இரட்டையர் பிரிவில் ஒரு சர்வதேசப் போட்டிக்குத் தகுதிச் சுற்று நடக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, எங்களைக் கேட்காமலே மாப்பிள்ளை பெயர் கொடுத்துவிட்டார். முதல் இரண்டு ஜோடிகளுக்கு இடம். அன்று முதல் வீட்டில் ஸீரியல் நின்றது. காலை ஐந்தரைக்கு எழுந்து, நூறு முறை டிங்க், ஐம்பது ஸர்வ், பிறகு என் முழங்காலுக்கு ஐஸ் ஒத்தடம்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில், "விளையாட்டுப் பிறந்த ஊருக்கே போய் ஒரு நாள் ஆடிவிட்டு வருவோமே" என்றார் சம்பந்தியம்மா. கச்சேரிக்கு முன்னால் திருவையாறு போய்விட்டு வருகிற மாதிரி! எங்களோடு பூங்காவில் ஆடும் ஓர் அமெரிக்க அம்மாள் அந்தத் தீவுக்காரி. கப்பல் துறைக்குக் காரோடு வந்து காத்திருப்பதாகச் சொன்னாள்.

தீவின் பெயர் பெயின்பிரிட்ஜ். ஸியாட்டில் துறைமுகத்திலிருந்து கப்பலில் முப்பத்தைந்தே நிமிஷம். கப்பல் என்றால் சின்னதல்ல. இருநூறு மோட்டார்களை வயிற்றில் போட்டுக்கொண்டு, மேல் தளத்தில் ஜனங்களை உட்காரவைத்து, சாவகாசமாகப் புறப்படுகிறது. நடந்து ஏறுகிறவர்கள் போகும்போது டிக்கட் வாங்கினால் போதும். திரும்பி வரக் காசு இல்லை. "பிறந்த வீட்டுக்குப் போகச் செலவு, புக்ககத்துக்குத் திரும்ப இனாம்!" என்று நான் சொல்ல, சம்பந்தியம்மா அன்றைக்கு முதலும் கடைசியுமாகச் சிரித்தார். ஆகஸ்டு மாதத்து வெயில். பின்னால் ஸியாட்டிலின் உயரமான கட்டடங்கள் சிறுத்துக்கொண்டே போயின. தெற்கே ரெய்னியர் மலை, பனி மூடிய தலையோடு ஆகாயத்தில் மிதக்கிற மாதிரி தெரிந்தது. அடிவாரம் புகைமூட்டத்தில் மறைந்திருந்ததால், அது பூமியைச் சேர்ந்ததுதானா என்றே சந்தேகமாகிவிட்டது.

இந்தத் தீவில் 1965-ஆம் வருஷக் கோடையில் நடந்தது இது. ஜோயல் பிரிட்சர்ட் என்பவர் அப்போது வாஷிங்டன் மாநிலச் சட்டசபை அங்கத்தினர். பிற்காலத்தில் காங்கிரஸ் அங்கத்தினராகவும் மாநிலத்தின் துணைக் கவர்னராகவும் இருந்தவர். அவரும் பில் பெல் என்ற நண்பரும் கோல்ஃப் ஆடிவிட்டு வீடு திரும்பினால், பிள்ளைகள் பொழுது போகவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்தில் பழைய பாட்மிண்டன் களம் ஒன்று இருந்தது. தேடினால் மட்டையும் இல்லை, இறகுப் பந்தும் இல்லை. கையில் கிடைத்த மேஜைப் பந்து மட்டையையும், துளை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் கொடுத்து ஆடச் சொன்னார்கள். பந்து தரையில் நன்றாக எழும்பவே, ஐந்தடியில் இருந்த வலையை மூன்றடிக்கு இறக்கினார்கள். அவ்வளவுதான். பிறகு பார்னி மக்கல்லம் என்ற மூன்றாவது நண்பர் சேர்ந்தார்; வீட்டிலேயே ரம்பத்தால் ஒட்டுப்பலகையை அறுத்து மட்டை செய்து கொடுத்தவர் அவர்தான். லீவு நாளில் குழந்தைகள் "போரடிக்கிறது" என்று பிராணனை வாங்கும் தாய்மார்கள் கவனிக்க: அதிலிருந்து இப்படியும் ஏதாவது பிறக்கக்கூடும்!

பெயர் வைத்தவர் பிரிட்சர்டின் மனைவி ஜோன். படகுப் பந்தயங்களில், மற்றப் படகுகளுக்கு ஆள் எடுத்துக்கொண்டது போக எஞ்சியவர்களைச் சேர்த்து ஓட்டும் படகுக்கு 'பிக்கிள் படகு' என்று பெயராம். பல விளையாட்டுகளின் மிச்ச சொச்சத்தைச் சேர்த்துச் செய்த ஆட்டம் என்பதால் அந்தப் பெயர். வீட்டு நாயின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று ஒரு கதை வெகு நாள் உலவியது. நாய் பிறகு வந்தது, ஆட்டத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள் என்று அந்தக் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். இரண்டு குடும்பத்தின் மிச்ச சொச்சமும் சேர்ந்து ஓட்டுகிற படகு நாங்கள்தானே!

அந்த முதல் களம் தனியார் இடத்தில் இருப்பதால் போய் எட்டிப் பார்க்க எங்களுக்குத் தயக்கம். 2022 மார்ச்சில் மாநிலக் கவர்னர் அங்கே வந்துதான், பிக்கிள்பாலை வாஷிங்டனின் அதிகாரபூர்வமான விளையாட்டாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாங்கள் போனது தீவின் மேற்கே இருக்கும் பாட்டில் பாயிண்ட் பூங்காவுக்கு. ஒரு காலத்தில் கடற்படையின் ரேடியோ நிலையமாக இருந்த இடம். அங்கே ஆட்டத்தை உண்டாக்கியவர்கள் நினைவாகக் களங்கள் கட்டியிருக்கிறார்கள்.

எதிரே நின்றவர்கள் இரண்டு பாட்டிகள். எழுபதுக்குக் குறையாது. 'பாவம், மெதுவாக அடிப்போம்' என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் பாவம் யார் என்று புரிந்துவிட்டது. அவர்கள் ஓடவே இல்லை. நாங்கள் எங்கே ஓடுவோமோ அங்கே இல்லாத இடமாகப் பார்த்துப் பந்தைப் போட்டார்கள். சமுத்திரக் காற்று வேறு; துளைப் பந்து காற்றுக்கு இசைந்து கொடுக்கும். ஒரு ஆட்டம் தோற்று, இரண்டாவதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்துக்கு ஒன்பது என்று வந்துவிட்டோம். ஸர்வ் எங்களுடையது. ஒரு புள்ளி போதும்.

இங்கே அந்தக் கோட்டைச் சொல்ல வேண்டும். வலையை ஒட்டி இரு பக்கமும் ஏழடிப் பகுதிக்குச் 'சமையலறை' என்று பெயர். உள்ளே நின்று, பந்து தரையில் விழுமுன் அடிக்கக்கூடாது. வெளியே நின்று அடித்துவிட்டு, அந்த வேகத்தில் உள்ளே கால் போனாலும் தவறுதான். முப்பத்தைந்து வருஷம் சமையலறையை விட்டு வெளியே வராதவளை உள்ளே போகாதே என்றால் கால் கேட்குமா?

பந்து உயரமாக வந்தது. ஓங்கி அடித்தேன். எதிர்ப் பக்கம் யாருக்கும் எட்டாத மூலையில் போய் விழுந்தது. அந்த இரண்டு பாட்டிகளும் மட்டையைத் தட்டி என்னைப் பாராட்டக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஃபால்ட்!"

சம்பந்தியம்மா என் கால் கட்டைவிரலைச் சுட்டிக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஆட்டம் பத்துக்குப் பன்னிரண்டு என்று தோற்றது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மற்ற யாரும் பார்க்கவில்லை. அந்நியர் முன்னால், சொந்த சம்பந்தி! பெருங்காய விவகாரத்தையெல்லாம் சேர்த்து வைத்து அவர் வஞ்சம் தீர்த்துக்கொண்டதாகவே தோன்றிற்று. காரில் நான் முன்னால் ஏறிக்கொண்டேன், அவர் பின்னால்.

அந்த அமெரிக்க அம்மாளுக்கு எங்கள் பாஷை தெரியாவிட்டாலும் மௌனம் புரிந்திருக்கும். நேரே கப்பல் துறைக்குப் போகாமல், ஈகிள் துறைமுகத்தின் தென்கரைக்கு ஓட்டினாள். அங்கே தேவதாரு மரத்தாலான நீண்ட சுவர் ஒன்று, பெயர்களோடு நிற்கிறது. 1942 மார்ச் 30-ஆம் தேதி, யுத்தத்தைக் காரணம் காட்டி, இந்தத் தீவிலிருந்த ஜப்பானிய வம்சத்தார் 227 பேரை ராணுவம் அந்தத் துறையில்தான் கப்பலேற்றிக் கலிபோர்னியாவின் மன்ஸனார் முகாமுக்கு அனுப்பியது. ஸ்டிராபெரிப் பயிருக்குப் பேர்போன குடியானவர்கள். கையில் எடுத்துக்கொள்ள முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்களாம். சம்பந்தியம்மா ஒவ்வொரு பெயராக, வயதோடு படித்துக்கொண்டே நடந்தார். கைக்குழந்தைகளும் இருந்தார்கள். வெகு நேரம் அங்கே நின்றோம்.

திரும்பும் கப்பலில் அவர் பையைத் திறந்து தயிர் சாதமும் ஆவக்காயும் எடுத்து வைத்தார். பசிக்கு வீம்பு ஏது? எடுத்துக்கொண்டேன்.

"வேற யாரும் பார்க்கலையே, சம்பந்தியம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் பார்த்தேனே."

கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: "அடுத்த வாரத்தை நினைச்சா எனக்கு வயித்தைக் கலக்கறது. எனக்கு அடிக்க வராது. நீங்க அடிச்சாத்தான் உண்டு. அந்த அடியெல்லாம் கணக்கிலே சேர வேண்டாமா?"

மறுநாள் விடியற்காலை எழுந்து பார்க்கிறேன், வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் அரிசி மாவினால் ஏழடிக் கோடு போட்டு வைத்திருக்கிறார். என் கால் பட்டால் மாவு கலைந்து சாட்சி சொல்லும். முதல் நாள் பதினேழு தடவை சாட்சி சொல்லிற்று. ஆறாம் நாள் இரண்டு. அந்த வாரம் முழுவதும் மாப்பிள்ளை காரைத் தெருவில் நிறுத்தினார்.

தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம் ஜயித்து, ஒன்று தோற்று, கடைசி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். ஜயித்தால் இரண்டாவது இடம். ஒன்பதுக்கு ஒன்பது. பந்து வலையோரம் உயர்ந்தது. அதிசயமாகச் சம்பந்தியம்மா ஓங்கி அடித்துவிட்டார்! அடித்த வேகத்தில் அவருடைய வலது கால் கோட்டுக்குள். அவர் திகைத்து என் முகத்தைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நானே "ஃபால்ட்!" என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது இடம். ஆளுக்கு ஒரு வெண்கலப் பதக்கம். என்னுடையதைச் சென்னைக்குக் கொண்டு வந்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அடுத்த சுற்றுக்கும் மாப்பிள்ளை பெயர் கொடுத்துவிட்டார், வழக்கம்போல் கேட்காமலே. முழங்கால் சம்மதிக்க வேண்டும். நேற்று டெலிபோனில் சம்பந்தியம்மா சொன்னார்: அங்கே கிடைக்கும் அரிசி மாவு ரொம்ப நைஸாம், காற்றில் பறந்துவிடுகிறதாம், வரும்போது நல்ல கோலமாவு இரண்டு கிலோ கொண்டு வர வேண்டுமாம்.