தண்ணியை எங்கே விடப்போறீங்க?

எரிந்துபோன மோட்டாருக்கென்று ஒரு நெடி உண்டு. வார்னிஷ் கருகி, செம்பு வெந்து, லேசாகத் தித்திக்கிற மாதிரி மூக்கில் ஏறும். ஸ்கூட்டரில் காலடியில் சாக்கைச் சுற்றி வைத்துக் கொண்டுவந்த என் மோட்டார் வழியெல்லாம் அந்த நெடியைத்தான் விட்டுக்கொண்டு வந்தது. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்த வைண்டிங் பட்டறை. பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். வாசலில் ஏற்கெனவே ஏழெட்டு மோட்டார்கள் வரிசையில் கிடந்தன. ஐப்பசி பிறக்கப்போகிற நேரத்தில் இந்தப் பட்டறைகள் காய்ச்சல் சீசனில் டாக்டர் கிளினிக் இருப்பதுபோல இருக்கும்.

மேஸ்திரிக்கு அறுபதை ஒட்டி வயது. சாக்கைப் பிரிக்காமலே கேட்டார். "எங்க வச்சிருந்தீங்க சார்?"

"வாசல்லதாண்ணே. மழைத்தண்ணி எடுக்க."

பிரித்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது கிணத்து மோட்டார் சார். ஒன்றரை எச்.பி. இத யாரு வாசத்தண்ணிக்குக் குடுத்தா?"

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 'சப்மர்சிபிள்' என்று ஒரே சொல்லை மூன்று பொருளுக்குச் சொல்கிறோம். போர் குழாய்க்குள் இறங்கும் ஒல்லியான நெட்டை ஒன்று. கிணற்றிலும் சம்ப்பிலும் படுத்துக் கிடக்கும் குண்டு ஒன்று. சேறும் சகதியுமான தண்ணீரை இறைக்கும் டிரெயினேஜ் பம்ப் இன்னொன்று. மூன்றும் தண்ணீருக்குள் முங்கி ஓடும் என்பதைத் தவிர அவற்றுக்குள் பெரிய உறவு கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடிந்த கையோடு நான் கடைக்குப் போய் "சப்மர்சிபிள் வேணும்" என்றேன். "எத்தனை எச்.பி.?" என்று கேட்டார்கள். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று ஒன்றரை என்றேன். அடுத்த மழைக்காலத்தின் முதல் மழையிலேயே அது போய்விட்டது.

மேஸ்திரி அலன் கீ போட்டு முன்மூடியைக் கழற்றினார். உள்ளே இம்பெல்லரின் கண்ணில் தென்னை நார், தலைமுடி, பால் கவரின் நீல ஓரம் ஒன்று, எல்லாம் சேர்ந்து ஒரு சிறு பறவைக்கூடு. இதழ்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் சுண்டுவிரல் நகம்கூட நுழையாது. கிணற்றுத் தண்ணீர் தெளிந்தது, அதற்கு அந்த இடைவெளி போதும். தெருத்தண்ணீருக்குப் போதாது.

"அடைப்புதான் காரணமா?"

"அடைப்பு பாதி. மீதி, இது ரொம்ப சுகமா ஓடியிருக்கு."

எனக்குப் புரியவில்லை. பெயர்த் தகட்டைத் துடைத்துக் காட்டினார். ஹெட் 12 மீட்டரிலிருந்து 30 மீட்டர் வரை என்று பொறித்திருந்தது. நாலு மாடிக்குத் தூக்கப் பிறந்த மோட்டார். நான் அதை ஐந்தடி மதில் தாண்டத் தண்ணீர் தள்ளச் சொன்னேன். உயரம் குறைந்தால் வேலையும் குறையும் என்றுதான் நாம் நினைப்போம். இந்த வகைப் பம்ப்பில் கதை தலைகீழ். எதிர்ப்பு இல்லாதபோது தண்ணீரை வாரிக்கொண்டு தள்ளும். அவ்வளவு தண்ணீரையும் சுழற்றச் சுழற்ற மோட்டார் இழுக்கும் கரண்டு ஏறும், காயில் சூடாகும். வாசல் தண்ணீர் வற்ற வற்ற மோட்டாரின் முதுகு வெளியே தெரிந்திருக்கும். சுற்றி நிற்கும் தண்ணீர்தான் அதற்குக் குளிர்ச்சி. அதுவும் போனால் என்ன ஆகும்? பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். எச்.பி. பற்றி இல்லை.

"தண்ணியை எங்கே விடப்போறீங்க?"

ரோட்டில்தான் என்றேன். ரோடு உங்கள் வாசலைவிட மேலேயா, கீழேயா என்றார். மேலே. ஒன்றரை அடி மேலே. வீடு கட்டியபோது நாங்கள்தான் இரண்டு படி ஏறி நின்றோம். சாலை போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தாரைக் கொட்டிக் கொட்டி, தெரு வளர்ந்துவிட்டது, வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அறிவுறுத்தினார். எங்கள் தெரு அதற்கு முன்பே வளர்ந்து முடித்திருந்தது. தாம்பரம், சிட்லபாக்கம், சேலையூர் என்று எந்தப் பழைய தெருவில் நடந்தாலும் கேட்டுக்கு உள்ளே இறங்கிப் போகும் வீடுகளைப் பார்க்கலாம்.

மேஸ்திரி ஒரு வயரிங் அட்டையின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். வாசல் 600 சதுர அடி, ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் என்றால் 600 கன அடி. கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆகக் கிட்டத்தட்ட 17,000 லிட்டர். நிமிடத்துக்கு 200 லிட்டர் தள்ளும் பம்ப் இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் காலி. "அதுக்கு அரை எச்.பி. டிரெயினேஜ் பம்ப் போதும் சார். நீங்க மூணு மடங்கு பெருசா வாங்கி எரிச்சிருக்கீங்க."

பட்டறையின் மூலையில் ஒரு பையன் எரிந்த மோட்டார் ஒன்றின் ஸ்டேட்டரைக் குடல் உருவிக்கொண்டிருந்தான். ஒரு பக்கக் காயிலை உளியால் வெட்டி, மறுபக்கம் குறடு போட்டு இழுத்தான். வெளியே வந்த கற்றையை வீசிவிடவில்லை. மடியில் வைத்து ஒவ்வொரு கம்பியாக எண்ணினான். பழைய காயிலில் எத்தனை சுற்று, எந்த கேஜ் என்பதுதான் புதிய காயிலுக்கு வரைபடம். உதட்டசைவு நிற்கும்வரை அவனிடம் யாரும் பேசுவதில்லை, நான் தெரியாமல் "எவ்வளவு நாளா வேலை பார்க்கிற தம்பி?" என்று கேட்டுத் தொலைத்தேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு முதலிலிருந்து எண்ணினான்.

எண்ணி முடித்ததும் கட்டை ஃபார்மாவில் கம்பியைச் சுற்றி, இன்சுலேஷன் பேப்பர் செருகிய பள்ளங்களுக்குள் நாலைந்து இழையாக விரலால் வழித்து இறக்கினான். ஒவ்வொரு பள்ளத்தின் வாயையும் சீவிய மூங்கில் குச்சியால் அடைத்தான். அப்புறம் வார்னிஷ். காயவைக்கத் தகரப் பெட்டிக்குள் இரண்டு குண்டு பல்பு. என் மோட்டாருக்கு இந்தக் கம்பி ஆகாதாம். அதன் உள்ளேயே தண்ணீர் நிற்கும், ஆகவே பிளாஸ்டிக் உறை போட்ட பாலி வயர் சுற்ற வேண்டும். டிரெயினேஜ் பம்ப்பின் மோட்டாருக்குள் தண்ணீர் ஒரு சொட்டு போகக்கூடாது. அதில் எனாமல் கம்பி.

அந்த ஒரு சொட்டைத் தடுப்பது எது என்று மேஸ்திரி காட்டினார். மேசையில் கிடந்த பழைய டிரெயினேஜ் பம்ப் ஒன்றைச் சாய்த்து, பக்கவாட்டில் இருந்த திருகைக் கழற்றி ஒரு மூடியில் எண்ணெயை வடித்தார். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது, டீக்கடை டீ மாதிரி வெளுத்து வந்தது. "பால் கலந்த மாதிரி இருக்கா? சீல் போச்சு." சுழலும் தண்டுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு வழவழப்பான வளையங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. அதுதான் மெக்கானிக்கல் சீல். மணல் ஏறி அதில் கீறல் விழுந்தால் தண்ணீர் முதலில் எண்ணெய்க்குள் வரும், பிறகு காயிலுக்கு. எண்ணெய் வெளுத்த அன்றே கொண்டுவந்தால் சீல் செலவோடு போகும். யாரும் கொண்டுவருவதில்லை. மழை நின்றதும் பம்ப்பைச் சேறோடு மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு அடுத்த ஐப்பசிக்குத்தான் தேடுகிறோம். நானும் அப்படித்தான்.

மதியம் ஒரு அடுக்குமாடி வீட்டில் வேலை இருக்கிறது, வருகிறீர்களா என்றார். ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து கிழக்குத் தாம்பரம் பக்கம் போனோம். கழிவுநீர்த் தொட்டியில் இறக்கியிருந்த பம்ப் நின்றுபோயிருந்தது. வாட்ச்மேன் மூடியைத் திறந்து குனியப் போனார். மேஸ்திரி தோளைப் பிடித்து இழுத்தார். "எட்டிக்கூடப் பாக்காதீங்கண்ணே." பம்ப்பைக் கேபிளைப் பிடித்துத் தூக்கியிருந்தார்கள். பாதி வழியில் கேபிள் மூட்டு விட்டுப்போய், பம்ப் மறுபடி அடிக்குப் போய்விட்டது. ஓர் ஆளை இறக்கி எடுத்துவிடலாமா என்று சங்கச் செயலாளர் கேட்டார். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது, அதற்குப் பிறகும் சாவுச் செய்தி நின்றபாடில்லை. மேஸ்திரி சட்டம் பேசவில்லை. "ஆள் இறங்குறதா இருந்தா நான் கிளம்புறேன் சார்" என்றார். முக்கால் மணி நேரம் கயிற்றில் கொக்கி கட்டி, தூண்டில் போடுவது போல மேலே நின்றே துழாவி, பம்ப்பின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். புதிதாக இறக்கும்போது எஃகுச் சங்கிலி கட்டி, அதன் மறுமுனையைத் தொட்டியின் வாயில் மாட்டினார்.

திரும்பும் வழியில் டீ. அங்கேதான் ஒரு சம்ப் கதை சொன்னார். வெள்ளம் வடியும் நேரத்தில் ஒரு வீட்டில், சாக்கடை கலந்துவிட்டதென்று தரைக்கடியில் இருந்த சம்ப்பைப் பம்ப் வைத்து ஒரே மூச்சில் காலி செய்தார்களாம். சுற்றிலும் மண் ஊறி நிலத்தடி நீர் தரை மட்டத்துக்கு வந்திருக்கிறது. உள்ளே இருந்த 12,000 லிட்டர், அதாவது 12 டன் எடை, போனதும் வெளித்தண்ணீர் காலித் தொட்டியைப் படகு மாதிரி மேலே தள்ளியது. தளம் பிளந்தது. "தண்ணியை எடுக்குறது பெரிசில்ல சார். அது அங்க எதைத் தாங்கிட்டு இருந்துச்சுன்னு பாக்கணும்."

நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த பக்கம் விழும் மழைக்கும் என் வீட்டுப் பக்கம் விழும் மழைக்கும் வேறுவேறு வழி. கிழக்கே விழுவது சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஏரிகளைத் தொட்டுக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போக வேண்டியது. மேற்கே விழுவது அடையாற்றுக்கு. ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கும் அந்த ஆறு மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வருகிறது. செம்பரம்பாக்கத்து உபரி நீர் திருநீர்மலைக்கு அருகில்தான் அதில் சேர்கிறது. ஆகவே, 2015இல் முடிச்சூர் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கத்தைச் சொல்லிப் பயனில்லை. டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூர்த் தெருக்களில் படகு ஓடிற்று.

"அன்னிக்கு உங்ககிட்ட பம்ப் கேட்டு வந்தாங்களா?"

"வந்தாங்க. ரோட்லயும் மாருல தண்ணி, வீட்லயும் மாருல தண்ணி. எதிலேர்ந்து எதுக்கு இறைப்பீங்கன்னு கேட்டேன். பட்டறையே முங்கிருச்சு." கரண்டும் இல்லை. தண்ணீர் ஏறினால் மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும்; துண்டிக்கத்தான் வேண்டும். மின்சாரப் பம்ப் கணுக்கால், முழங்கால் தண்ணீருக்கு. அதற்கு மேலே டிராக்டரில் பூட்டிய பம்ப்பும் டீசல் என்ஜினும்தான், அவற்றுக்கும் தண்ணீர் போய்ச் சேர ஓரிடம் வேண்டும்.

பழைய மோட்டாரை அவரிடமே விட்டேன். கிணறு உள்ளவர் யாருக்காவது ஆகும். மறுநாள் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போய், சண்முகம் சாலையில் ஒரு கடையில் அரை எச்.பி. டிரெயினேஜ் பம்ப் வாங்கினேன். இம்பெல்லர் உள்வாங்கி இருக்கும் வகை; நாரும் கவரும் அதைத் தொடாமலே வெளியேறிவிடும். கூடவே மிதவை ஸ்விட்ச். கடைப்பையன் ஓஸ் மலிவாக இருக்கட்டுமென்று இரண்டு அங்குல வாயை ஒரு அங்குலமாக்க ரெடியூசர் எடுத்துக் கொடுத்தான். மேஸ்திரி அதைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டார். "வீட்ல பொம்மை செய்ய வச்சுக்கங்க." குழாயின் விட்டம் பாதியானால், அதே தண்ணீரைத் தள்ள, உரசலில் போகும் சக்தி முப்பது மடங்குக்கு மேல் ஏறும். தண்ணீர் பீறிக்கொண்டு அடிப்பதைப் பார்த்து நாம் வேகம் என்று மகிழ்வோம்; அளவு சொற்பமாக இருக்கும்.

வாசலின் தாழ்ந்த மூலையில் ஒன்றரை அடிக்குக் குழி தோண்டி, துளை போட்ட பிளாஸ்டிக் கூடைக்குள் பம்ப்பை நிற்க வைத்தார். கடைசி இரண்டு அங்குலத் தண்ணீரும் அந்தக் குழிக்கு வந்துதானே ஆக வேண்டும். போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் பிரேக்கர் மாட்டினார். பிளக்கை இடுப்புக்கு மேலே ஏற்றினார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மட்டும் அவர் முன்னால் எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எதிர்வீட்டு வாசலில் கொட்டாமல் ஓஸைத் தெருமுனை வடிகால்வரை 100 அடி இழுத்தோம். அவ்வளவு நீளத்தின் உரசலால் இன்னும் ஒன்றரை மீட்டர் உயரம் கூடின கணக்கு. தாங்கும் என்றார்.

அடுத்த வாரமே மழை. ராத்திரி பத்து மணிக்கு மிதவை நிமிர்ந்து, குழிக்குள் சன்னமாக ஒரு முனகல் கேட்டது. நீல ஓஸ் பாம்பு விழித்த மாதிரி கேட்டுவரை புடைத்துக்கொண்டு போயிற்று. குடையோடு வெளியே வந்தால் மேஸ்திரி தெருவில் நிற்கிறார், லுங்கியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்தபடி. புதுப் பம்ப் ஓடுகிறதா என்று பார்க்க வந்தாராம். தெருவில் என் ஓஸ் மட்டும் இல்லை. இன்னும் நாலு வீட்டு ஓஸ்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அதே வடிகால் வாயை நோக்கிக் கிடந்தன. வடிகால் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழேவரை நிறைந்திருந்தது.

அவர் ஒவ்வொரு ஓஸின் மேலும் வெறுங்காலை வைத்து நின்று பார்த்துக்கொண்டே வந்தார். என்னுடையதில் நின்றார், தலையை ஆட்டினார். அடுத்தது. அதற்கடுத்தது. நாலாவதில் கால் அழுந்தி உள்ளே போயிற்று.

"இது மூச்சுத் திணறுது. அடியில அடைச்சிருக்கு. யார் வீடு சார் இது?"

காட்டினேன். செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு, அந்த வீட்டுக் கேட்டைத் தட்டப் போனார்.