தேடுசொல்

இலங்கைச் சோனகரைப் பற்றிப் பேசும் மேடை எதுவானாலும் பொன்னம்பலம் இராமநாதனின் பெயர் வந்துவிடும். 1888 இல் அரச ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் அவர் வாசித்த கட்டுரையைக் கண்டிக்காத பேச்சாளர்கள் நம்மிடையே குறைவு. அதை வாசித்த பேச்சாளர்கள் அதைவிடக் குறைவு. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் நான் பயின்ற காலத்திலும் அது ஒரு வரிச் செய்திதான்: சோனகர் இனத்தால் தமிழரே என்றார் இராமநாதன், 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுநூல் எழுதினார். மூலக் கட்டுரையைப் பார்க்க வேண்டுமானால் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்பார்கள். கிராமத்து ஆசிரியனுக்குக் கொழும்பு என்பது இரண்டு நாள் லீவும் கொஞ்சம் கடனும்.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சேர், அவர் என்ன காரணம் காட்டித்தான் அப்படிச் சொன்னார்?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. நாம் யார் என்ற கேள்விக்கு மற்றவர்கள் சொன்ன விடையைக்கூட அவளுக்கு முழுதாகக் காட்ட முடியாமல் எப்படிப் பாடம் நடத்துவது? அன்றிரவே கைத்தொலைபேசியில் தேடத் தொடங்கினேன்.

இணையத் தரவுத்தளம் நூலகரைப் போன்றதல்ல. நூலகர் நாம் சொல்லவந்ததை விளங்கிக்கொள்வார். தரவுத்தளம் நாம் தட்டிய எழுத்துகளை மட்டுமே பார்க்கும். ஆங்கிலத்தில் 'மூர்' என்று தட்டினால் ஸ்கொட்லாந்தின் புதர் நிலங்கள் வரும், ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்கள் வருவார்கள், ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவும் வந்து நிற்பான். 'சிறி லங்கா முஸ்லிம்கள்' என்று தட்டினால் அண்மைக்கால அரசியல் கட்டுரைகள் குவியும். 1888 ஆம் ஆண்டுக் கட்டுரை வராது. அன்று இந்த நாட்டுக்கு அந்தப் பெயர் இல்லை. 'சிலோன்' என்றும் 'மூர்ஸ்' என்றும் மேற்கோள் குறிக்குள் சேர்த்து, ஆண்டையும் 1900க்கு முன் என்று வரையறுத்த பிறகே திரை வழிவிட்டது. எழுதியவரின் காலத்துச் சொல்லால் அழைத்தால்தான் பழைய கட்டுரை திரும்பிப் பார்க்கும். அந்தச் சங்கச் சஞ்சிகையின் பழைய தொகுதிகள் ஜேஸ்ரோரில் இருக்கின்றன. பல்கலைக்கழகக் கடவுச்சொல் இல்லாதவரும் இலவசமாகப் பதிந்துகொண்டால் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் வாசிக்கலாம்.

வாசித்தேன். மொழி, வழக்கம், உடற்தோற்றம் என்று அவர் வாதத்தை அடுக்கிச் செல்கிறார். சில இடங்களில் நம் வீட்டுத் திருமணச் சடங்குகளை யாரோ வேலிக்கு வெளியே நின்று பார்த்து எழுதியது போலிருந்தது. கோபம் வந்தது, ஆனால் இப்போது எதன்மேல் கோபம் என்பது தெரிந்தது. அவர் அப்போது சட்டசபையில் தமிழ் பேசுவோரின் பிரதிநிதி. அடுத்த ஆண்டே, 1889 இல், முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் நியமிக்கப்பட்டார். இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மாணவிக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

தமிழில் தேடுவது வேறு விதமான அவஸ்தை. அறபு என்றும் அரபு என்றும், சித்தி லெப்பை என்றும் சித்திலெவ்வை என்றும் நாம் எழுதிவைத்திருக்கிறோம். ஒன்றைத் தட்டினால் மற்றது ஒளிந்துகொள்ளும். அறபுத் தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் தேடுபவர் 'அர்வி' என்ற பெயரையும் மறக்கக் கூடாது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கட்டுரைகள் கண்ணுக்குத் தமிழாகவும் கணனிக்கு அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகவும் இருக்கின்றன. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் நம்மவர் சஞ்சிகைகள் பலவற்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. அங்கே சொல்லைத் தேடுவதைவிட இதழின் பெயரைப் பிடித்து, அட்டையைத் திறந்து, பொருளடக்கத்தைக் கண்ணால் மேய்வதே எனக்குப் பலன் தந்தது. பழைய வழிதான், தூசி மட்டும் இல்லை.

மனதைத் தைப்பது இன்னொன்று. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர், கிழக்கிலங்கையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான தாய்வழிக் குடிமுறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அறபிகள், சோனகர், முஸ்லிம்கள் என்ற தலைப்பில் 1998 இல் வந்த அவரது கட்டுரையும் முக்கியமானது. இப்படியான ஆய்வுகளுக்குத் தகவல் சொன்னவர்கள் நம் உம்மாமாரும் மூத்தம்மாமாரும்தான். அவர்கள் பாயில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துச் சொன்ன கதைகள் எத்தனையோ சஞ்சிகைகளில் டொலர் கேட்கும் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. சுருக்கம் மட்டும் இலவசம். அப்படியான இடங்களில் நான் கட்டுரையாளரின் முகவரியைத் தேடி, இன்ன கிராமத்து ஆசிரியன் என்று நாலு வரி எழுதிவிடுவேன். பணம் கேட்பவர் பதிப்பாளர். எழுதியவர் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுப்பிவிடுவார்.

மாணவி இப்போது தன் மூத்தம்மாவின் குடிப்பெயரை நான்கு எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்கிறாள். வராது. அது எந்தத் தரவுத்தளத்திலும் ஏறியதில்லை. மூத்தம்மாவிடமே கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பெயர், வந்த வழி, எந்த மரைக்காரின் காலம் என்று மூன்றையும். எங்கள் பாடசாலை அலுமாரியில் கிடக்கும் பழைய ஆண்டு மலர்களோடு அதையும் சேர்த்து அடுத்த தவணை விடுமுறையில் ஸ்கேன் செய்யப் போகிறோம். கறையான் தொட்ட மலர்கள் இரண்டை முதலில்.