பலா வாசனையும் பாதி வழியும்

எங்க வடக்குத்துல பலா வாசனை வந்தா கையில எண்ணெய் தடவிக்கிட்டுக் கத்தியை எடுப்போம். அதே வாசனைக்குப் பயந்து நான் திரும்பி நடந்த கதை இது.

வைகாசி கடைசி. முந்திரிக்கொட்டை பொறுக்கி முடிஞ்சு வேலை ஓஞ்ச சமயம். சென்னையில வேலை பார்க்குற மகன் என்னை டாப்ஸ்லிப்புக்குக் கூட்டிட்டுப் போனான். பொள்ளாச்சியிலேர்ந்து சேத்துமடை சோதனைச் சாவடி தாண்டி மலை ஏறணும். ஆனைமலைக் காடு அது. ஒரு காலத்தில் வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சறுக்கி விட்டதால் அந்த ஊருக்கு அந்தப் பெயர். அங்கே கரியன்சோலைக்குள் நம்ம இஷ்டத்துக்கு நடக்க முடியாது, வழிகாட்டியோடுதான் போகணும். எங்களுக்கு வந்தவர் மலசர் பெரியவர். என் வயசுதான் இருக்கும்.

"யாராச்சும் சென்ட்டு போட்டிருக்கீங்களாங்க?"ன்னுதான் முதல்ல கேட்டார். கூட வந்த பட்டணத்துப் பிள்ளைங்க சிரிச்சாங்க.

சோலைக்குள்ள பத்தடிக்கு அப்பால ஒண்ணும் தெரியலை. காலெல்லாம் அட்டை. முப்பது வருஷம் மண்ணுல உழைச்சவன், அங்க ஒரு மரத்துக்கும் எனக்குப் பேர் தெரியலை. அவர் நின்னு இருவாச்சி சத்தத்தைக் கேட்கச் சொன்னார். சோலைமந்தி கடிச்சுப் போட்ட பழத்தைக் காட்டினார்.

பாதி வழியில எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு காத்துல வந்துச்சு. "பலா பழுத்திருக்குங்க"ன்னேன், பெருமையா. அவர் கையை நீட்டி எல்லாரையும் நிறுத்தினார். மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"யானையும் இருக்குதுங்க. திரும்பிக்கலாம்."

கண்ணுல ஒண்ணும் படலை. கட்டின காசு வீணாச்சேன்னு பிள்ளைங்க முணுமுணுத்தாங்க, என் மகனும்தான். அப்பத்தான் உள்ளே எங்கேயோ ஒரு கிளை மடார்னு முறிஞ்சது. அப்புறம் யாரும் வாய் திறக்கலை.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் செத்தது ஞாபகம் வந்துச்சு. 2024-ல் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் ஆட்களையே வழிகாட்டிகளாக வைத்திருக்கிறது. நல்ல காரியம். பாதையைப் படம் போட்டுக் காட்டிடலாம். எந்த இடத்துல திரும்பணும்ங்கறது அங்கேயே பொறந்து வளர்ந்தவங்க மூக்குலதான் இருக்கு.

இறங்குறப்ப, "பிள்ளைங்க இந்த வேலைக்கு வர்றாங்களா?"ன்னு கேட்டேன்.

"பையன் பொள்ளாச்சியில மில்லு வேலைங்க"ன்னார்.

நான் என் மகனைப் பார்த்தேன். அவன் குனிஞ்சு அட்டையைப் பிடுங்கிட்டிருந்தான்.

ஊருக்கு வந்த மறுநாள், விடியறதுக்கு முன்னாடி அவனை எழுப்பித் தோப்புக்கு இழுத்துட்டுப் போனேன். எந்த மரத்துல பழம்னு மூக்காலேயே சொல்லுடான்னேன். மூணு மரம் தப்பாச் சொன்னான். நாலாவது சரியாச் சொன்னான்.