மணிக்கட்டில் மிஞ்சும் பலம்

தூத்துக்குடி வட்டாரத்தில் தண்டுவடம் அடிபடுவதற்குப் பழைய காரணங்கள் உண்டு: உடன்குடிப் பக்கம் பனையிலிருந்து தவறி விழுவது, சுமை சரிந்து முதுகில் விழுவது. புதிய காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றுபோனாலும் சங்கு எடுக்கப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூச்சடக்கி மூழ்கிய நாளில் ஒருவர் அடியில் இருந்த நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம். படகில் கம்ப்ரசரை வைத்துக் குழாய்வழியே காற்று இழுக்கத் தொடங்கியதும் அந்த வரம்பு போய்விட்டது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கே நெடுநேரம் சுவாசித்தால் நைட்ரஜன் திசுக்களில் கரைந்து சேரும். விரைந்து மேலே வந்தால் குமிழாகப் பிரியும். குமிழ் தண்டுவடத்தைத் தாக்கினால் கால்கள் மரத்துப்போகும். ஆக்சிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும் சீக்கிரம் கிடைத்தால் மீள வாய்ப்பு அதிகம். தாமதமானால் சக்கர நாற்காலி.

மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும்போதுதான் ஆக்குபேஷனல் தெரபி மாணவரின் வேலை கனக்கத் தொடங்குகிறது. பிசியோதெரபி தசைக்குப் பலம் தேடுகிறது. இவர் அந்தப் பலத்தில் குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, சம்பாதிப்பது எப்படி என்று தேடுகிறார்.

முதலில் பார்ப்பது அடிபட்ட மட்டம். கழுத்தில் ஆறாம் நரம்பு மட்டம் வரை செயல் மிஞ்சியவரால் மணிக்கட்டைத் தூக்க முடியும், விரல்களை மடக்க முடியாது. ஆனால் மணிக்கட்டைத் தூக்கும்போது தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். தாழ்த்தினால் கை விரியும். நரம்பு தராத பிடியை நாண் தருகிறது. இட்லித் துண்டையோ சாவியையோ எடுக்க இது போதும். சிக்கல் வீட்டாரின் பாசத்தில் வருகிறது. எண்ணெய் தேய்த்து, மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்து நிமிர்த்தி நீவிவிடுவார்கள். நாளடைவில் நாண் நீண்டு, அந்தப் பிடியும் போய்விடும். மணிக்கட்டு உயர்ந்திருக்கும்போது விரல் மடங்கியே இருக்கட்டும் என்று ஒரு தாயிடம் எடுத்துச் சொல்லிப் புரியவைப்பது, தேர்வில் தசைகளின் பெயரை ஒப்பிப்பதைவிடக் கடினம்.

பிடி போதாதவருக்கு உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டை. அதில் கரண்டியோ பேனாவோ செருகலாம். ஊர்ச் செருப்புத் தைப்பவரே இதைச் செய்து தருவார். பாடநூல்கள் கரண்டியைத்தான் காட்டுகின்றன. சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையால் சாப்பிட்டுப் பழகியவருக்குக் கரண்டி இரண்டாம் தோல்வியாகத் தோன்றலாம். கேட்டுவிட்டுக் கொடுப்பதே முறை.

உணர்வற்ற தோல் புண்ணாவதைத் தடுப்பது அன்றாட வேலை. நாற்காலியில் இருப்பவர் கால்மணி முதல் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை உடலை உயர்த்தியோ சாய்ந்தோ எடையை மாற்ற வேண்டும். இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும். கழுத்திலோ மேல்மார்பிலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து முகம் வியர்த்தால், இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது என்று பொருள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருப்பதோ பை நிரம்பியிருப்பதோ காரணமாக இருக்கக்கூடும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் காரணத்தைத் தேட வேண்டும். மாணவர் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

தமிழகத்தில் மறுவாழ்வுத் துறைக்கு வழி போட்டவர்களில் இருவர் அடிபட்டவர்களே. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் உருவானது. வேலூரைவிடத் தூத்துக்குடிக்கு அருகில் இருப்பது தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி. கடற்படை அதிகாரி தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சி அங்கே நடக்கிறது.

பயிற்சி அறையின் வழவழத் தரை கடலோரத்தில் இல்லை. சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. மீனவர் தெருவில் வாசலுக்கு முன்னால் அத்தனை இடம் கிடையாது. மணலில் முன்சக்கரம் புதையும். ஆகவே நாற்காலியைப் பின்னால் சாய்த்துப் பின்வாக்கில் இழுக்க வீட்டாரைப் பழக்க வேண்டும். கட்டில் நாற்காலியின் உயரத்துக்கு வந்தால் பலகை போட்டு நகரலாம். கழிவறைக்கு, நடுவே ஓட்டையிட்ட நாற்காலி.

கடைசியில் பிழைப்பு. ஆழத்தில் தண்டுவடம் பழுதானவரை மறுபடி சங்கு குளிக்க அனுப்பக் கூடாது. ஆனால் இடுப்புக்குக் கீழே மட்டும் செயலிழந்தவருக்குக் கைகள் முழுதாக இருக்கின்றன. வலை பொத்தலாம், சங்கு தரம் பிரிக்கலாம், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் ஏலக்கூடத்துக்குப் போகலாம். வலை பொத்துபவருக்கு நாற்காலியின் கைப்பிடி இடிக்கும். அதைக் கழற்றினால் உடம்பு சாயும். சாயாமலிருக்க மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை வேண்டும். அந்தப் பட்டையைத் தைத்து, அளவு பார்த்து, இரண்டு மணி நேரம் வேலை செய்தபின் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது வரை மாணவரின் பொறுப்பு.