சித்திரகுப்தன் ஏடு

1990-ஆம் ஆண்டில் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் வெளிவந்த 'அதிசய பிறவி' என்னும் படத்தை அண்மையில் மீண்டும் கண்ணுற்றோம். அது, 1988-இல் வந்த 'யமுடிகி மொகுடு' என்னும் தெலுங்குப் படத்தின் தழுவல்.

கதை அன்பர்கள் அறிந்ததே. ஆயுள் முடியாத இளைஞன் ஒருவன் கொல்லப்படுகிறான். மேலுலகம் சென்று யமதருமனோடே வழக்காடுகிறான். தவறு தங்களுடையதே என்று அவர்கள் உணரும்போது பூவுலகில் அவன் உடல் இல்லை. ஆகவே அவனையே ஒத்த மற்றொருவனின் உடல் அளிக்கப்படுகிறது. அதன்பின் இருவர்க்கும் இழைக்கப்பட்ட அநீதியை அவனொருவனே தட்டிக் கேட்கிறான். ரஜினிகாந்தின் சண்டைகளைப் புகழப் பலர் உளர். பகலெல்லாம் ரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு உழலும் நமக்கோ, சித்திரகுப்தன்மீதே கண் சென்றது. அவரும் ஒரு குமாஸ்தா அல்லவா!

யமலோகத்தில் பிழையை ஒரே அமர்வில் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். பூலோகத்தில் அவ்வாறில்லை. உத்தரப் பிரதேசத்து ஆஜம்கட் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிகாரி என்பவர், 1970-களின் நடுவில் கடன் பெறுவதற்காகச் சான்று கேட்கச் சென்றார். ஏட்டின்படி அவர் இறந்துபோயிருந்தார்! நிலத்தைக் கவர உறவினர் செய்த சூழ்ச்சி அது. உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க அவர் செய்யாததில்லை. மனைவிக்கு விதவை ஓய்வூதியம் கேட்டார். பெயரோடு 'இறந்தவர்' எனப் பொருள்படும் 'மிருதக்' என்பதைச் சேர்த்துக்கொண்டார். 1989-இல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலிலும் நின்றார். தோல்வி உறுதியான தேர்தலில் நிற்பதற்கு இதனினும் நல்ல காரணம் உண்டோ! 1994-இல்தான் ஏடு திருந்திற்று. இவர் வரலாற்றைத் தழுவி சதீஷ் கௌஷிக் இயக்கிய 'காகஜ்' என்னும் இந்திப் படம் 2021-இல் வெளிவந்தது. பங்கஜ் திரிபாதியின் நடிப்புக்காகவேனும் நம் குடும்பங்கள் அதைக் காணவேண்டும்.

இதெல்லாம் எங்கோ வடக்கே நிகழ்வது என்று எண்ணற்க. இந்த நிக்டியில் நம் எதிர்வீட்டு ஆச்சி, மறைந்த கணவரின் ஓய்வூதியத்தில் வாழ்பவர். ஆண்டுதோறும் உயிரோடிருப்பதாகச் சான்றளித்தல் வேண்டும். அறுபது ஆண்டு அரைத்தும் துலக்கியும் தேய்ந்த விரலை ரேகைக் கருவி ஏற்கவில்லை, பணம் நின்றது. நாம் உடன் சென்றோம். "பதிவு வரவில்லையே" என்று அங்கிருந்தவர் மும்முறை கூறினார். ஆச்சியோ நம் பக்கம் திரும்பி, "நான் இங்கதானே உக்காந்திருக்கேன், தம்பி?" என்றார். நம்மிடம் விடையில்லை.

2021 முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டியும் இச்சான்றை அளிக்கலாம். ஆச்சியின் பேத்தி அவ்வாறே செய்து முடித்தாள். வீட்டில் முதியோர் உள்ளவர்கள் நவம்பர் மாதம் வருமுன்பே இதனைப் பழகிக்கொள்க. இயலாதவர்கள் ஞாயிறு காலையில் நம்மை வந்து காணலாம்.

நிலுவைத் தொகை வந்தது. ஒரு மாதத்தைக் காணோம். அந்த ஒரு மாதம் ஆச்சி எவ்வுலகில் இருந்தார் என்று வினவி மனு எழுதியுள்ளோம்.